மீட்டியார் 350-ஐக் கஸ்டம் வேலைக்கு விடுகிறீர்களா? கழற்றிய பாகங்களை எண்ணி வாங்குங்கள்

சென்னைப் புறநகர்ப் பட்டறை ஒன்றில் 'பாபர் லுக்' வேலை முடிந்து வெளியே வந்த ஒரு ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 பைக் பற்றிய எச்சரிக்கை இது. பட்டறையின் பெயரை எழுதவில்லை. இதே வேலையை இதே லட்சணத்தில் செய்து தரும் இடங்கள் பல ஊர்களில் உண்டு. எந்தெந்த வேலையில் ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உதவும்.

உயர்ந்த ஹேண்டில்பார், ஒற்றை சீட், வெட்டிச் சுருக்கிய பின் மட்கார்டு, ஃப்ரீ ஃப்ளோ சைலன்ஸர், அகலமான பின் டயர், மேட் கருப்பு பௌடர் கோட்டிங். பில் அரை லட்சத்தைத் தாண்டியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு மழைக்குப் பிறகு ஹெட்லைட் விட்டு விட்டு எரிய ஆரம்பிக்க, வேறு மெக்கானிக் வண்டியைப் பிரித்தார். புதிதாக மாட்டியதில் போன காசைவிட, கழற்றியதிலும் வெட்டியதிலும் போன காசு அதிகம் என்று அப்போதுதான் தெரிந்தது.

சைலன்ஸரைப் பெண்ட் பைப்போடு கழற்றிவிட்டு, "பழசு ஸ்கிராப்தான் சார், இங்கேயே கிடக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அது ஸ்கிராப் இல்லை. பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியின் எக்ஸாஸ்ட்டில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்களின் பூச்சு இருக்கும். அதைத் தேடி வாங்க ஆளும் உண்டு. நாளைக்கு வண்டியை விற்கவோ பழைய நிலைக்குக் கொண்டுவரவோ நினைத்தால் முழு செட்டையும் புதிதாக வாங்க வேண்டும்.

பவர் கூடும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். இந்த 349 சிசி இன்ஜின் 6,100 ஆர்.பி.எம்.மில் 20.2 பி.ஹெச்.பி. தருகிறது. சீரான வேகத்தில் ஓடும்போது, எக்ஸாஸ்ட்டில் உள்ள ஆக்சிஜன் சென்ஸரைப் பார்த்து ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) காற்று–பெட்ரோல் விகிதத்தைச் சரியான அளவில் பிடித்து வைக்கும். சைலன்ஸரை மட்டும் மாற்றுவதால் சத்தம் மாறும், பவர் சொல்லிக்கொள்ளும்படி மாறாது. இந்த வண்டியில் சென்ஸர் துளையைப் போல்ட் போட்டு அடைத்து, ஒயரில் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகியிருந்தார்கள். கலவை எப்படி இருக்கிறது என்று ஈ.சி.யு.வுக்குத் தெரிய வழியே இல்லை. திராட்டிலை விட்டால் பட்பட் என்று வெடிப்பதும், மைலேஜ் இறங்குவதும் அதனால்தான்.

உயிருக்கே ஆபத்தானது ஹேண்டில்பார் வேலை. பார் சில அங்குலம் உயர்ந்தால் கிளட்ச் கேபிள், திராட்டில் கேபிள், முன் பிரேக் ஹோஸ், இரு பக்க சுவிட்ச் ஒயர்கள் எல்லாம் நீள வேண்டும். நீளமான கேபிளுக்கும் ஹோஸுக்கும் பில்லில் காசு வாங்கியிருந்தார்கள். மாட்டியிருந்தது எல்லாம் பழையது. வழித்தடத்தை மாற்றி இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் பிரேக் ஹோஸ் விறைத்து நின்றது. நாள் போக்கில் ஹோஸ் நுனியில் கசியும். ஹோஸை மாற்றினால் ஹோஸ் நுனியை இறுக்கும் பேஞ்சோ போல்ட்டில், நுனியின் இரு பக்கத்திலும் புது செப்பு வாஷர் போட வேண்டும், டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி ஏர் எடுக்க வேண்டும். பழைய ஹோஸில் ஜாயின்ட் போட்டு நீட்டுவதாக யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள்.

சுவிட்ச் ஒயர்களை வெட்டி, துண்டு ஒயர் சேர்த்து, கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். எல்லா ஜாயின்ட்டும் ஒரே இடத்தில், ஹெட்லைட் கூட்டுக்குள். தண்ணீர் இறங்கியதும் செம்பு பச்சை பிடித்துவிட்டது. அதே கனமுள்ள ஒயர், சால்டர் அல்லது சரியான கிரிம்ப், மேலே ஹீட் ஷ்ரிங்க், ஒவ்வொரு ஜாயின்ட்டும் ஓர் அங்குலம் தள்ளித் தள்ளி: முறையான வேலை இதுதான்.

இரண்டு சோதனைகளை டெலிவரி எடுக்கும் இடத்திலேயே செய்யலாம். இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள், ஆர்.பி.எம். ஏறினால் திராட்டில் கேபிள் இழுபடுகிறது. மல்டிமீட்டரால் பேட்டரி முனையில் ஒரு முறையும் எரியும் ஹெட்லைட் கனெக்டரில் ஒரு முறையும் வோல்டேஜ் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் நடுவில் மோசமான ஜாயின்ட் இருக்கிறது. எக்ஸ்ட்ரா லைட் போட்டவர்கள் கரண்டையும் அளக்கலாம். '120 வாட்' என்று விற்ற லைட் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்க வேண்டும். 2 ஆம்பியர்தான் காட்டுகிறது என்றால் நீங்கள் வாங்கியது 24 வாட் லைட்.

பௌடர் கோட்டிங் என்று காசு வாங்கிக்கொண்டு ஸ்பிரே பெயின்ட் அடித்துக் கொடுப்பது பழைய தந்திரம். உண்மையான பௌடர் கோட்டிங்குக்குப் பாகத்தைத் தனியாகக் கழற்றி, பழைய பெயின்ட்டை உரித்து, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் அவனில் வேகவைக்க வேண்டும். இன்ஜினை இறக்காமல் சேசிஸுக்குப் பௌடர் கோட்டிங் செய்தோம் என்றால் அது பொய். மறைவான மூலையில் என்.சி. தின்னர் (பெயின்ட்டைக் கரைக்கும் திரவம்) தொட்ட பஞ்சை வைத்துத் தேய்த்தால் சாதாரண ஸ்பிரே பெயின்ட் பஞ்சோடு வந்துவிடும். வெந்த பௌடர் அப்படிக் கரையாது. டேங்கில் பட்டி (நெளிவை மறைக்கப் பூசும் பசை) எவ்வளவு கனம் என்று தெரிய, சின்ன காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். பட்டி தடித்த இடத்தில் பிடிப்பு விட்டுவிடும்.

போல்ட்டுகளைப் பலரும் கவனிப்பதில்லை. இந்த வண்டியின் பிரேக் காலிப்பர் போல்ட்டுகளைப் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் பட்டன் ஹெட் போல்ட்டுகளாக மாற்றியிருந்தார்கள். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ்ஸின் இழுவிசைத் தாங்குதிறன் 700 மெகாபாஸ்கல். 10.9 கிரேடு இரும்பு போல்ட்டுக்கு அது 1,000. ஆக்சில், காலிப்பர், ஃபோர்க் கிளாம்ப் ஆகிய இடங்களில் கம்பெனி போல்ட்டே இருக்கட்டும். அவற்றைக் கழற்றிக் குரோம் பிளேட்டிங்குக்கு அனுப்பவும் கூடாது. பிளேட்டிங் தொட்டியில் உருவாகும் ஹைட்ரஜன், உயர் கிரேடு இரும்புக்குள் புகுந்து அதை நொறுங்க வைத்துவிடும். முன்னறிவிப்பே இல்லாமல் உடையும்.

பின் டயர் 140/70-17 இருந்த இடத்தில் 150/70-17. விட்டம் 14 மில்லிமீட்டர் கூடுகிறது, அதாவது 2.2 சதவீதம். அகலத்தால் செயின் பக்கம் இடைவெளி குறைகிறது. ரிம் பழையதே என்பதால் லாபம் ஒன்றுமில்லை.

ஆங்கிள் கிரைண்டரால் வெட்டிய பின் ஃபிரேம்தான் திரும்பப் பெறவே முடியாதது. வெல்டிங் வைத்த இடத்தை ஒட்டிய இரும்புதான் சூட்டில் பலம் இழக்கும். விரிசல் அங்கே தொடங்கும். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியின் இரண்டு முனைகளையும், ஈ.சி.யு., ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) ஆகியவற்றின் கப்ளர்களையும் கழற்ற வேண்டும். இங்கே கழற்றியதாகத் தெரியவில்லை. ஏ.பி.எஸ். விளக்கு வண்டி நகர்ந்த பிறகும் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது.

"ஆர்.டி.ஓ. பிரச்சினை வராது, நாங்க பாத்துக்குறோம்" என்ற வாக்குறுதிக்கு மதிப்பில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. சத்தம், புகை விதிமீறலுக்கு 190(2) தனி. பொறுப்பு உரிமையாளர் தலையில்தான் விழும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதே மாற்றங்களைக் காட்டி க்ளெய்மை மறுக்கலாம்.

ஆகவே சீட், வைஸர், பேக்ரெஸ்ட், கம்பெனியே விற்கும் அக்சஸரி என்று போல்ட்டில் மாட்டிக் கழற்றக்கூடிய வேலையோடு நின்றுகொள்ளுங்கள். கொடுக்கும் முன் வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள், பேட்டரி நம்பரும் டயர் நம்பரும் தெரியும்படி. எந்தப் பாகம் கழற்றப்படும், எது திரும்ப வரும் என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். முழு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பாகங்களின் பில்லைத் தனியாகவும் கூலியைத் தனியாகவும் கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வண்டியை மறுபடி அதே பட்டறையில் விடாமல், முதலில் வேறு மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது, படங்களைச் சேர்த்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. புகாரில் 'லுக் சரியில்லை' என்று எழுதினால் நிற்காது. பில்லில் காசு வாங்கிப் போடாத கேபிள், ஹோஸ், செய்யாத பௌடர் கோட்டிங், திருப்பித் தராத சைலன்ஸர் என்று ஒவ்வொன்றையும் தொகையோடு எழுதுங்கள்.