சாரல் ஊருக்கேற்ற வளைமூக்கு ட்வீசர்: 7-எஸ்.ஏ

செங்கோட்டையில் கைப்பேசி பழுதுபார்ப்பவர்கள் கருவி வாங்கும்போது முதலில் துருவைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆடிச் சாரலில், துடைக்காமல் மேசையில் விட்ட கார்பன் எஃகு ட்வீசரின் (நுண்பாகங்களைப் பற்றும் இடுக்கியின்) முனை சொரசொரத்துப்போய், சிறிய பாகங்களைச் சீராகப் பற்ற மறுக்கிறது. அதனால்தான் துருவும் அமிலமும் எளிதில் தாக்காத, காந்தம் ஏறாத எஃகைக் குறிக்கும் ‘எஸ்.ஏ’ முத்திரையுடன், முனை வளைந்த 7-ஆம் எண் வடிவ ட்வீசரைத் தென்காசியில் வாங்கினேன். இப்போது என் மேசையில் அதிகம் புழங்குவது இதுவே.

0402 என்ற அளவுக் குறியீடு கொண்ட ரெசிஸ்டர் 1.0 மி.மீ. நீளமும் 0.5 மி.மீ. அகலமும் உடையது; கைப்பேசி போர்டுகளில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் 0201 பாகங்களோ 0.6 மி.மீ. நீளமே இருக்கும். இவற்றை இறுக்கிப் பிடித்தால் மெல்லிய முனைகள் வளைந்து விலகி, பாகம் எங்கோ தெறித்துவிடும். தெறித்தது செராமிக் கெப்பாசிட்டராக இருந்தால், அதன் மேல் மதிப்பு எதுவும் அச்சிடப்படாததால், தேடி எடுத்த பிறகும் அது எது என்பதை அளந்துதான் அறிய வேண்டும். இந்த ட்வீசரின் விசை இளக்கமாக இருப்பதால், விரலில் வலுவைக் கூட்டாமலே பாகம் நிற்கிறது. மூக்கு வளைந்திருப்பதால் கை போர்டை மறைப்பதுமில்லை.

காந்தம் ஏறாத தன்மையின் அருமை ஸ்பீக்கர் கழற்றும் வேலையில் விளங்கும். ஸ்பீக்கர் காந்தத்தின் அருகே புழங்கும் சாதாரண எஃகு முனை தானும் காந்தமாகிவிட, கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் வெள்ளீயப் பூச்சுக்கு அடியில் நிக்கல் இருப்பதால், பற்றவைக்கும் ஈயத்தின் மேல் வைத்த பாகம் ட்வீசரோடு திரும்ப எழுந்து வரும். இதில் அந்தத் தொல்லை இல்லை. ஆரியங்காவு, தென்மலைப் பக்கமிருந்து ஈரம் புகுந்து வரும் போர்டுகளில் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றும்போது, இந்த ஒரு குணத்துக்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம் என்பேன்.

குறையும் உண்டு. இந்த எஃகு கார்பன் எஃகைவிட மென்மையானது. கீழே விழுந்தால் முனை மடங்கும். சில்லுகளை மூடியிருக்கும் உலோகத் தகடான ஷீல்டு மூடியை நெம்ப இதைத் தொடவே கூடாது, அதற்குத் தடித்த முனையுள்ள வேறொன்று வேண்டும். உடல் வெறும் உலோகம் என்பதால் கையிலுள்ள நிலைமின்சாரம் நேரே போர்டுக்குப் பாயும். காற்று காய்ந்திருக்கும் மாதங்களில் அதைத் தரைக்குக் கடத்தும் மணிக்கட்டுப் பட்டை அவசியம். வாங்கும்போது முனைகளை மெல்லச் சேர்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இடையில் ஒளி தெரிந்தால் வேறொன்றைக் கேட்டு வாங்குங்கள்.