லைமா, அபோட்டோமி: நீண்ட நாள் புழக்கத்தில்

கீபோர்டில் ராஸ்த் என்ற மகாமை (அரபு இசையில் ராகம் மாதிரி) வாசிக்கப் போனால் மூன்றாவது ஸ்வரத்திலேயே இடறும். மி-க்கும் (டோ ரே மி வரிசையில் மூன்றாவது) அதற்கு அரை ஸ்வரம் கீழே உள்ள மி ஃப்ளாட்டுக்கும் நடுவில் நிற்கிற அந்த ஸ்வரத்துக்குக் கட்டையே இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க, ஊத் (அரபுத் தந்தி வாத்தியம்) கலைஞர் கய்யாம் அல்லாமி 2021-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் கருவிகள்தான் லைமா, அபோட்டோமி இரண்டும். நாதா எல் ஷாஸ்லியின் 'அஹ்வார்' (2017) ஆல்பத்தை வெளியிட்ட நவா ரெக்கார்டிங்ஸும் அவர் தொடங்கியதுதான். ஸ்ருதி அமைப்பைச் செய்து வாசித்துப் பார்க்க லைமா. அந்த அமைப்பிலேயே இசையைத் தானாக ஓடவிட அபோட்டோமி. இரண்டும் பிரவுசரிலேயே ஓடும். சஃபாரி மட்டும் வேண்டாம், அதற்கு மிடி (வாத்தியங்கள் ஸ்வரங்களைத் தகவலாகப் பரிமாறும் முறை) தெரியாது. குரோம் போதும்.

பிரவுசருக்குள் வாசிக்கும்வரை தொல்லையில்லை. வெளியே உள்ள சிந்துக்கு (சிந்தசைசருக்கு) மிடி அனுப்பும்போதுதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். மிடியில் ஸ்வரங்கள் 0 முதல் 127 வரை முழு எண்கள். இடையில் உள்ளதைத் தொட பிட்ச் பெண்டால் (ஸ்ருதியை ஏற்றி இறக்கும் மிடி கட்டளை) இழுக்க வேண்டும். எத்தனை இழுத்தால் எத்தனை சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) என்பதில் அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் ஒத்துப்போக வேண்டும். பெண்டின் எல்லை பிரவுசரில் 2 செமிடோன் (அரை ஸ்வரம்), சிந்தில் 48 என்று இருந்தால் 50 சென்ட் இறக்கம் 24 மடங்காகி 1200 சென்ட் ஆகிவிடும். மி-யை அழுத்தினால் ஒரு ஸ்தாயி கீழே ஏதோ கேட்கும். தலைகீழாக இருந்தால் இன்னும் மோசம்: 50 சென்ட் வெறும் 2 சென்டாகச் சுருங்கி, எல்லாம் பியானோ மாதிரியே ஒலிக்கும், பிழை இருப்பதே தெரியாது. முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

அடுத்தது, பெண்ட் ஒரு சேனல் (மிடியின் தனித் தடம்) முழுவதையும் இழுக்கும். கீழே டோவைப் பிடித்துக்கொண்டு மேலே கால் ஸ்வரம் தொட்டால் டோவும் சேர்ந்து சரியும். ஸ்வரத்துக்கு ஒரு சேனல் தரும் எம்பிஇ முறையில்தான் இது தீரும். அப்போதும் சிந்தில் ரிலீஸ் (கட்டையை விட்டபின் ஒலி அடங்கும் நேரம்) நீளமாக இருந்தால், அடங்கிக்கொண்டிருக்கும் பழைய ஸ்வரத்தின் வால் அடுத்த பெண்டில் வழுக்கும். ரிலீஸைக் குறைத்து, அந்த நீளத்தை ரிவெர்பில் (எதிரொலிப்பில்) எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்தாயியை 24 சம பங்காக்கும் ஸ்வர அமைப்பை அப்படியே ஏற்றினால் ஒரு ஸ்தாயி 24 கட்டைக்கு நீளும், கை எட்டாது. 12-ஆகச் சுருக்கி, ராஸ்துக்கு மி, ஸி (ஏழாவது) இரண்டையும் 50 சென்ட் இறக்குவது வழக்கம். ராஸ்தின் கிளை மகாமான ஸூஸ்னாக்குக்குத் தாவும்போதுதான் இடிக்கும். அங்கே ஐந்தாவது ஸ்வரமான ஸோலிலிருந்து ஹிஜாஸ் என்ற வரிசை: லா ஃப்ளாட், முழு ஸி. இறக்கிய ஸி அங்கே பொய்க்கும். ஸி ஃப்ளாட் கட்டையை 50 ஏற்றி அந்த இறக்கிய ஸி-யை அங்கே குடிவைத்தால் முழு ஸி மீளும். பதிலுக்கு ஸி ஃப்ளாட் போய்விடும். பாட்டுக்குப் பாட்டு தனி அமைப்பு வைத்துக்கொள்வதே மேல்.

உண்மையில் அந்த 50 என்ற எண்ணே சந்தேகத்துக்குரியது. 24 சம பங்கு பற்றி 1932-இல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டிலேயே வாதாடித் தீரவில்லை. பத்தாம் நூற்றாண்டு அறிஞர் ஃபாராபி எழுதிவைத்த ஸல்ஸல் விரல் (ஊத்தில் இந்த மி-க்கான விரலிடம்) 27/22 விகிதம், அதாவது டோவிலிருந்து கிட்டத்தட்ட 355 சென்ட். பயாத்தி என்ற மகாமில் அதே மி சற்றுத் தாழ்ந்து நிற்கும். லைமாவின் மதிப்பு இங்கேதான்: மி-யை மட்டும் தனியாக நகர்த்தலாம். டோவைப் பிடித்தபடி மி-யை 350-இல் தொடங்கி இரண்டிரண்டு சென்டாக ஏற்றிப் பாருங்கள். ராஸ்துக்கு ஒரு எண், பயாத்திக்கு ஒரு எண் என்று காது கேட்கும். இரண்டையும் வெவ்வேறு பெயரில் சேமித்துவிடுங்கள்.