அமிட்ரிப்டிலின்: மூன்று வருடமும் ஒரு கடைவாய்ப் பல்லும்

போன வாரம் சுங்கை சிப்புட் பட்டணத்தில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அன்று சாயங்காலமே, என்னோடு செம்பனைக் குலை லோரி ஓட்டும் தம்பி வந்து, "அண்ணே, காலெல்லாம் குத்துது, உங்க மாத்திரையில ரெண்டு கொடுங்க" என்றார். கொடுக்கவில்லை. வாசலில் நின்று சொன்னது போதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அக்கி வந்து ஆறியும் விலாவில் எரிச்சல் நிற்கவில்லை. சட்டை உரசினாலே நெருப்பு. டாக்டர் இரவுக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் கொடுத்து, பிறகு 25 ஆக்கினார். நான் பிறந்த 1961இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மனச்சோர்வு மருந்து இது; குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் தருகிறார்கள். "பைத்திய மாத்திரை" என்று தோட்ட லயத்து வீடுகளில் பேசினார்கள். பேசட்டும். மூன்றாவது வாரம் விடியும்வரை தூங்கினேன். அந்த ஒரு இரவுக்காகவே இந்த மருந்துக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் வாய்! காலை பத்து மணிக்கு ஆலை எடைமேடையில் நிற்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தேத்தண்ணி இல்லாமல் ரொட்டி இறங்காது. அதனால் நாள் முழுக்க அசாம் பூய் என்ற இனிப்புப் புளிப்பு உலர்பழம் ஒன்றை வாயில் ஒதுக்கி வைத்திருந்தேன். எச்சில்தான் பல்லைக் காக்கிறதாம். அது வற்றிய வாயில் நான் மூன்று வருடம் சர்க்கரையை ஊற வைத்திருக்கிறேன். பல் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. மருந்து கொடுத்த இடத்தில் "வாய் காயும், தண்ணி குடிங்க" என்பதோடு சரி. இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் என் பல் இருந்திருக்கும். இப்போது சர்க்கரை இல்லாத சுவிங்கம், அடிக்கடி ஒரு வாய்த் தண்ணீர்.

தூக்கக் கலக்கத்துக்கு வழி கண்டுவிட்டேன். இரவு பத்து மணிக்குப் போட்டால் மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஸ்டீயரிங் பிடிக்கும்போது கண் சொருகியது. டாக்டரைக் கேட்டு எட்டு மணிக்கு மாற்றினேன். இதோடு இருமல் சிரப் குடித்த அன்று லோரியைத் தொடவே முடியவில்லை. கள்ளையும் விட்டாயிற்று. ஒரு தீபாவளிக்கு நானாகவே நிறுத்திப் பார்த்தேன்: குமட்டல், தலைவலி, தூக்கமே இல்லை. நிறுத்துவதானால் டாக்டர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

தம்பிக்கு ஏன் கொடுக்கவில்லை? அவருக்குப் போன மாதம்தான் மாரடைப்பு வந்து போனது. இது இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய மருந்து. அளவு மீறினால் உயிரையே எடுத்துவிடும். பேரன் கைக்கு எட்டாமல் அலமாரியில் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு, வேறு மாத்திரைகள் எது இருந்தாலும் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள், தம்பி.

எனக்குத் தூக்கத்தைத் திருப்பித் தந்த மருந்துதான். ஆனாலும் ஈறு வலிக்கும் இந்த நேரத்தில் கேட்டால், வேறு மருந்து இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள் என்பேன். அடுத்த தவணையில் மறுபடி 10க்கு இறக்க முடியுமா என்று நானும் கேட்கப்போகிறேன்.