வேலிக்கால்: துளையா, வெட்டா, குமிழா, ஆணியா?

கம்பி வேலி போடப் போகிறவர்கள் முதலில் கேட்பது கால் எத்தனை வருஷம் தாங்கும் என்பதைத்தான். கேட்க வேண்டியதுதான். ஆனால் 100 மீட்டர் வேலியை ஒருமுறை தன் கையால் கட்டியவர் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்பார்: இந்தக் காலில் கம்பியை எப்படி மாட்டுவது? 3 மீட்டருக்கு ஒரு கால் என்றால் 34 கால் வரும், 5 வரிசை கம்பி ஓடினால் 170 இடத்தில் கம்பியைக் காலோடு பிணைக்க வேண்டும். ஒரு பிணைப்புக்கு ஒரு நிமிஷம் பிடித்தால் மூன்று மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். மூன்று நிமிஷம் பிடித்தால் எட்டரை மணி நேரம், ஒரு நாள் கூலி. இந்த வித்தியாசம் காலின் வடிவத்தில்தான் இருக்கிறது, அதனால் அதை மட்டும் வைத்து ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

துளை போட்ட சிமெண்ட் கால். பார்க்க ரொம்ப ஒழுங்காக இருக்கும், ஐந்து துளை ஒரே இடைவெளியில், கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் முடிந்தது என்று தோன்றும். வெறும் கம்பி என்றால் ஓரளவுக்கு அப்படித்தான். முள்கம்பி என்றால் கதையே வேறு. நான் முதலில் கட்டிய வேலி இந்தக் காலில்தான். சுருளை முதல் கால் பக்கம் வைத்துவிட்டு, நுனியை ஒவ்வொரு துளையாகக் கோத்துக்கொண்டே போனோம். நாலாவது காலைத் தாண்டும்போதே முள் ஒவ்வொன்றும் துளையின் விளிம்பில் மாட்ட ஆரம்பித்தது. ஒருவர் பின்னாலிருந்து தள்ள, ஒருவர் முன்னாலிருந்து இழுக்க, இன்னொருவர் குறட்டை வைத்து முள்ளைத் திருப்பிவிட, ஒரு வரிசை முடிவதற்குள் மதியம் ஆகிவிட்டது. கையுறை கிழிந்தது பெரிதில்லை, இழுத்த இடமெல்லாம் கம்பியின் துத்தநாகப் பூச்சு உரசிப் போனதுதான் பெரிய நஷ்டம், ஏனென்றால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். பிற்பாடு ஒரு இடத்தில் கம்பி அறுந்தபோது இன்னொன்றும் புரிந்தது: கோத்த கம்பியைப் பாதியில் கழற்ற வழியே இல்லை, வெட்டி ஒட்டுப்போடத்தான் வேண்டும்.

பலத்தையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் தள்ளும்போது காலில் வளைவு விசை அதிகமாக விழுவது தரைமட்டத்தில். அதனால் மேலே உள்ள துளைகள் பெரிதாகப் பாதிக்காது. தரையை ஒட்டிய கடைசித் துளைதான் ஆபத்து. அது பெரிதாகவும் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிக்கு நெருக்கமாகவும் இருந்தால் தண்ணீர் இறங்கி, இரும்பு துருப்பிடித்து உப்பி, காரை பிளந்துகொள்ளும்.

அதே கால், சிறு துளை, யு கம்பி. எனக்குப் பிடித்தது இதுதான். துளை முன்னிருந்து பின்னாக, 10 மில்லிமீட்டர் போதும். வேலிக் கம்பி துளைக்குள் போவதே இல்லை, காலின் முகத்தை ஒட்டி வெளியே ஓடுகிறது. கொண்டை ஊசி மாதிரி வளைத்த சின்னக் கம்பியை வேலிக் கம்பியின் மேல் கவிழ்த்து, இரண்டு முனையையும் துளைக்குள் விட்டு, பின்பக்கம் எட்டிப் பார்க்கும் முனைகளைக் குறடால் இரண்டு பக்கமும் மடக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். சுருளைத் தரையில் உருட்டிக்கொண்டே போய், மூலையில் இழுத்து முறுக்கேற்றிவிட்டு, அப்புறம் ஒரே ஆள் நிதானமாக ஒவ்வொரு காலாக மாட்டிக்கொண்டு வரலாம். கழற்றுவதும் அதே சுலபம். ஒன்றே ஒன்று, இந்த யு துண்டுக்குக் கறுப்புக் கட்டுக்கம்பி கூடாது, துத்தநாகம் பூசிய கம்பிதான் வேண்டும். கறுப்புக் கம்பி வேலிக்கு முன்பே இற்றுப்போகும், அப்புறம் 170 பிணைப்பையும் மறுபடி செய்ய வேண்டும்.

பக்கத்தில் வெட்டு விட்ட கால். துளைக்குப் பதிலாக விளிம்பில் ஒரு பள்ளம், கம்பியைப் பக்கவாட்டில் உள்ளே வைத்தால் போதும். மாட்டுவதில் இதைவிட வேகமானது இல்லை. ஆனால் மாடு தலையை உள்ளே விட்டு இழுத்தால் கம்பி வெளியே வந்துவிடும், எனவே வெட்டை நேராக விடாமல் உள்ளே போகப் போகக் கீழ்நோக்கிச் சாய்த்து வார்க்க வேண்டும், அப்படியும் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்குமாவது ஒரு கட்டுப் போட வேண்டும். காரையில் கூர்மையான விளிம்பு நிற்காது, ஏற்றி இறக்கும்போதே உதிரும். அதனால் விளிம்பைக் கொஞ்சம் மழுக்கிய அச்சு தேவை.

கல் காலுக்கும் இதே யோசனை பொருந்தும். கல்லில் துளை போடுவது பெரிய வேலை, சும்மா சுற்றிக் கட்டினால் கட்டு நாளடைவில் கீழே வழுக்கும். உளியால் அரை விரல் ஆழத்துக்கு ஒரு கீறல் போட்டால் கட்டு அதில் உட்கார்ந்துகொள்ளும். ஆயுளில் கல்லை அடிக்க ஆளில்லை. கனம்தான் பிரச்சினை.

குமிழ் வைத்த டி கால். இது இரும்புக் கால். குறுக்காக வெட்டிப் பார்த்தால் டி வடிவம், முகத்தில் வரிசையாகக் குமிழ்கள், அடியில் மண்வெட்டி போல ஒரு தகடு. குழியே வேண்டாம். ஒரு பக்கம் மூடிய கனமான குழாயை மேலே கவிழ்த்து அடித்தால் இறங்கிவிடும், அடித்தகடு மண்ணுக்குள் போனதும் கால் திரும்பாது. கம்பி இரண்டு குமிழுக்கு நடுவே உட்காரும், மேலும் கீழும் நகராது, பின்பக்கமாகச் சுற்றி வரும் கிளிப் ஒன்று அதைப் பிடித்துக்கொள்ளும். எந்த உயரத்திலும் கம்பி ஓட்டலாம் என்பது பெரிய வசதி, துளை போட்ட காலில் துளை இருக்கும் இடம்தான் வரிசை. பாறை நிலத்தில் இது இறங்காது, வளையும். மூலைக்கும் இதை மட்டும் தனியாக நம்ப முடியாது.

ஆங்கிள் கால், அதாவது எல் வடிவ இரும்புக் கால், இதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி தெரியும், ஆனால் ஒரு குறை உண்டு. கம்பி எல்லின் ஒரு பக்கத்து ஓரத்தில் மட்டும் இழுப்பதால் கால் வளைவதற்கு முன்பே முறுக்கிக்கொள்ளும். ஓரத்தில் ரம்பத்தால் வெட்டி, கம்பியை வைத்து, நாக்கைச் சுத்தியலால் அடித்து மூடுவது வேகமான வழிதான், ஆனால் வெட்டிய இடத்தில் பூச்சு போய்விடுகிறது. வெட்டி முடித்த பிறகு துத்தநாகம் பூசிய கால் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

மரக்கால், யு ஆணி. சுத்தியலும் ஆணியும் இருந்தால் போதும், எந்த வடிவமைப்பும் தேவையில்லை. இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். ஆணியின் இரண்டு காலும் ஒரே நார்க்கோட்டில் இறங்கினால் மரம் பிளக்கும், அதனால் கொஞ்சம் சாய்த்து அடிக்க வேண்டும். அப்புறம், கம்பி நசுங்கும் வரை அடிக்கக் கூடாது, உள்ளே நகர இடம் விட வேண்டும். 100 மீட்டர் இரும்புக் கம்பி 20 டிகிரி சூடேறினால் சுமார் 24 மில்லிமீட்டர் நீளும், குளிர்ந்தால் அதே அளவு சுருங்கும். ஒவ்வொரு காலிலும் இறுக்கிப் பிடித்தால் ஓரிடத்தில் வரும் இழுப்பு எல்லாக் காலுக்கும் பரவாமல் அங்கேயே விழும். மரம் உளுத்துப்போவது தரைமட்டத்தில், ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான்.

எந்தக் கால் என்றாலும் கம்பி மாடு நிற்கும் பக்கம் ஓட வேண்டும், அப்போதுதான் தள்ளும் விசை காலில் விழும், கட்டில் விழாது. வேலி வளையும் இடத்தில் மட்டும் வளைவின் வெளிப்பக்கம்.

மூலைக்காலை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. நடுக்கால் கம்பியை அதன் உயரத்தில் நிறுத்தி வைக்கிறது, மூலைக்கால் மொத்த இழுப்பையும் தாங்குகிறது. வரிசைக்கு 100 கிலோ இழுத்தால் 5 வரிசைக்கு 500 கிலோ. அங்கே தடிமனான கால், சாய்வு முட்டு, கம்பியைச் சுற்றித் தன் மேலேயே முறுக்கிக் கட்டுவது என்று எல்லாம் தாராளமாக இருக்கட்டும். பெரிய துளைக்கும் இடம் அங்கேதான், கோக்க வேண்டியது ஒரே கால் என்பதால்.

காலைச் சொந்தமாக வார்ப்பதாக இருந்தால், 10க்கு 10 சென்டிமீட்டர் சதுரத்துக்குப் பதிலாக 8க்கு 12.5 என்று அச்சு செய்து பாருங்கள். பரப்பு அதேதான், காரையும் கூடாது, ஆனால் அகலமான பக்கம் தள்ளும் திசைக்கு இணையாக இருக்கும்படி நட்டால் வளைவைத் தாங்கும் திறன் சுமார் கால் பங்கு கூடுகிறது. துளைக்கு எண்ணெய் தடவிய கம்பியை அச்சில் குறுக்கே செருகி, காரை இறுகத் தொடங்கும்போது இரண்டு மூன்று முறை திருகிவிட்டு, பிறகு உருவிவிடுங்கள். முதலில் இரண்டே இரண்டு கால் வார்த்து, நட்டு, கையுறை போட்ட கையோடு ஒரு யு கம்பியை மாட்டிப் பார்த்துவிட்டு மீதிக்கு அச்சை நிரப்புங்கள்.