மின்திறனுக்கு மூன்று சூத்திரம்: எதற்கு எது?

உயர்நிலைப் பள்ளி இயற்பியலில் மின்திறனைக் கணக்கிட மூன்று வழி சொல்லித் தருகிறார்கள். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கலாம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கலாம். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுக்கலாம். மூன்றும் ஒன்றுதானே, கையில் எந்த எண் இருக்கிறதோ அதைப் போட்டால் விடை வந்துவிடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். தேர்வுத்தாளில் வந்துவிடும். வீட்டுச் சாமான்களிடம் அப்படிப் போகாது.

வெந்நீர் கெட்டிலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் ‘220-240 வோல்ட், 1850-2200 வாட்’ என்று இருக்கும். 220-ஐ வர்க்கமாக்கி 1850-ஆல் வகுத்தால் 26.2 ஓம். 240-ஐ வர்க்கமாக்கி 2200-ஆல் வகுத்தாலும் அதே 26.2 ஓம்! வாட் மாறுகிறது, மின்தடை மாறவில்லை. உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பி ஒன்றுதானே. நம் சிங்கப்பூர் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். அதனால் இந்தக் கெட்டில் இங்கே இழுப்பது ஏறத்தாழ 2020 வாட், 8.8 ஆம்பியர். சூடேற்றும் சாமான் எதுவானாலும் மூன்றாவது சூத்திரம்தான் என் தேர்வு.

இதை விட்டுவிட்டு முதல் சூத்திரத்தைப் பிடித்தால் ஆபத்தே வரலாம். ஜப்பானிலிருந்து ஒருவர் 100 வோல்ட், 1200 வாட் ஹேர் டிரையர் வாங்கி வருகிறார் என்று வையுங்கள். 1200-ஐ 230-ஆல் வகுத்து, ‘ஐந்து ஆம்பியர் சொச்சம்தான், 13 ஆம்பியர் பிளக் தாங்கும்’ என்று நினைத்தால் போச்சு. அதன் மின்தடை 8.3 ஓம். 230 வோல்ட்டில் சொருகினால் கிட்டத்தட்ட 28 ஆம்பியர் பாயும், ஆறாயிரம் வாட்டுக்கு மேல். பியூஸ் போவதற்குள் டிரையரே கருகிவிடலாம்.

சரி, முதல் சூத்திரம் எதற்கு? மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டையும் ஓடும்போதே அளந்திருந்தால் அதுதான் நேர்வழி. பழைய குண்டு பல்பு நல்ல உதாரணம். 230 வோல்ட், 60 வாட் பல்பு எரியும்போது அதன் மின்தடை 880 ஓம் அளவில் இருக்கும். அணைத்து, ஆறவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்த எண்ணை நம்பி வாட் கணக்குப் போட்டால் விடை எங்கேயோ போய் நிற்கும். மோட்டார் உள்ள மின்விசிறிக்கு மட்டும் கவனம்: அங்கே வெறும் பெருக்கல் உண்மையான வாட்டைவிடக் கூடுதலாகக் காட்டும்.

இரண்டாவது சூத்திரம் வயருக்கானது. பத்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. போக வர 20 மீட்டர், மின்தடை சுமார் 0.24 ஓம். 8.8 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே 19 வாட் சூடாகிறது. இங்கே மூன்றாவது சூத்திரத்தில் 230-ஐப் போட்டால் இரண்டு லட்சம் வாட்டுக்கு மேல் வரும். மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. 230 வோல்ட் கெட்டிலுக்கும் வயருக்கும் சேர்த்து. வயருக்குக் கிடைப்பது இரண்டு வோல்ட் சொச்சம்தான்.

அதே வயரில் இன்னொரு கெட்டிலையும் சொருகினால் மின்னோட்டம் இரட்டிப்பாகும், வயரின் சூடோ நான்கு மடங்காகும். சுருட்டி வைத்த வயர் என்றால் அந்தச் சூடு வெளியேற வழியும் இராது. முழுக்க விரித்துப் போடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு கெட்டில் போதும்.