லோயரிங் ஸ்பிரிங் என்று காசு வாங்கிவிட்டு, இருந்த ஸ்பிரிங்கையே அறுத்துத் தந்தார்கள்

காரைத் தாழ்த்தி, அகல டயர் போட்டு ஓட்ட ஆசைப்படும் வடசென்னை நண்பர்கள், கடைக்காரர் கையில் சாவியைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பெரம்பூர் பக்கம் ஒரு அலாய் வீல் கடையில் மொத்தம் 74,000 ரூபாய் கொடுத்தேன். அதில் வண்டியைத் தாழ்த்தும் குட்டையான ஸ்பிரிங், அதாவது லோயரிங் ஸ்பிரிங் செட்டுக்கு மட்டும் 16,000. கடையின் பெயரைப் போடவில்லை, புகார் கொடுக்கப்போகிறேன் என்பதால். வண்டி மாடலையும் சொல்லவில்லை. சொன்னால் யார் எழுதியது என்று ஓனருக்கு உடனே தெரிந்துவிடும்.

முதலில் வண்டியில் இருந்தது 15 அங்குல வீல், அகலம் 6 அங்குலம், ஆஃப்செட் 45, டயர் 185/65 ஆர்15. ஆஃப்செட் என்பது வீல் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காருகிறது என்பதற்கான மில்லிமீட்டர் அளவு, அது குறைந்தால் வீல் வெளியே வரும். அவர்கள் மாட்டியது 16 அங்குலம், அகலம் 7, ஆஃப்செட் 35, டயர் 205/55 ஆர்16. "எல்லாரும் இதான் ப்ரோ போடறாங்க, பக்காவா உக்காரும்" என்றார் ஓனர். கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய டயரின் மொத்த உயரம் சுமார் 621 மில்லிமீட்டர், புதியது சுமார் 632. வண்டியை இறக்கும்போது டயரையும் பெரிதாக்கினால் இடிக்காமல் என்ன செய்யும்? 195/55 ஆர்16 போட்டிருந்தால் பழைய உயரமே வந்திருக்கும். இதைச் சொல்ல வேண்டியது டயர் விற்பவரின் வேலை.

தனியாக ஓட்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா, அக்கா, அக்கா பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனபோது, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் பின்னாலிருந்து 'கர்ர்ர்' என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் ரப்பர் தீயும் வாடை. டயரின் வெளித்தோளில் சுற்றிலும் பளபளவென்று ஒரு கோடு.

கடைக்குப் போனேன். "புது டயர் ப்ரோ, கொஞ்சம் தேஞ்சா சரியாயிடும்." டயர் தேய்ந்து வழிவிடும் என்று கடையிலேயே சொல்கிறார்கள். அப்புறம் 3,500 ரூபாய்க்கு நாலு வீலுக்கும் 10 மில்லிமீட்டர் ஸ்பேசர் (வீலுக்கும் அது மாட்டும் ஹப்புக்கும் நடுவே வைக்கிற தட்டு) போட்டார்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். டயரின் உள்பக்கம் ஷாக் அப்சார்பரில் உரசினால் ஸ்பேசர் உதவும், ஏனென்றால் அது வீலை வெளியே தள்ளும். என் வண்டியில் உரசியதோ வெளிப்பக்கம், மட்கார்டு விளிம்பில். அகலம் ஒரு அங்குலம் கூடியதில் பாதி, அதாவது 12.7, ஆஃப்செட் குறைந்ததில் 10, இப்போது ஸ்பேசர் 10. வீலின் வெளிவிளிம்பு முன்பு இருந்த இடத்தைவிட ஏறக்குறைய 33 மில்லிமீட்டர் வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு பின்சீட்டில் ஆளே இல்லாமலும் உரச ஆரம்பித்தது. வீல் நட்டு ஏறும் ஸ்டட்டையும் நீளமானதாக மாற்றவில்லை. பழைய ஸ்டட்டிலேயே நட்டு பாதி மரையில் நின்றது. அந்த நிலையில்தான் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டியிருக்கிறேன்.

மூன்றாவதாக கிரைண்டர். பின் மட்கார்டு விளிம்பை உள்பக்கமாக அறுத்தே எடுத்துவிட்டார்கள். மட்கார்டு விளிம்பை மடக்குவது உண்டு, நல்ல டிங்கர்கள் செய்வார்கள். வீலைக் கழற்றி, ஹப்பில் ரோலரைப் பொருத்தி, ஹீட் கன்னால் பெயிண்டைச் சூடாக்கிக்கொண்டே மெதுவாக மேலே மடக்க வேண்டும். சூடு பத்தாவிட்டால் பெயிண்ட் விரிசல் விடும். அறுப்பது வேறு சங்கதி. அந்த விளிம்பில்தான் வெளித் தகடும் உள்தகடும் சேர்த்து வெல்டு செய்யப்பட்டிருக்கும். அறுத்தால் இரண்டும் பிரிந்து நடுவில் தண்ணீர் இறங்கும். ஒரு கோட்டு பிரைமர்கூட அடிக்கவில்லை. கடலோரக் காசிமேட்டில் உப்புக்காற்றில் நிற்கிற வண்டிக்கு இதைச் செய்கிறவரை என்ன சொல்வது?

கடைசியில் தண்டையார்பேட்டையில் ஒரு பழைய பட்டறை அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை, என்னிடம் ஒன்றும் கேட்கவுமில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி, வீலைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு, "இன்னா தம்பி இது, எவனோ முருங்கைக்காய் நறுக்குற மாதிரி நறுக்கி வெச்சிருக்கான்" என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். ஸ்பிரிங்கின் கீழ்முனை நீலமும் கறுப்புமாகக் கருகியிருந்தது, கேஸ் கட்டிங்கில் அறுத்த அடையாளம். ஸ்பிரிங் முனை உட்காருவதற்கு அடித்தட்டில் ஒரு படி இருக்கும். அறுபட்ட முனை அந்தப் படியில் உட்காராமல் தள்ளி நின்றது. வீல் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து கையால் ஆட்டினால் ஆடியது. எல்லாவற்றுக்கும் மேல், கம்பெனி போட்ட பெயிண்ட் புள்ளிகள் ஸ்பிரிங் மேல் அப்படியே இருந்தன. 16,000 ரூபாய் ஸ்பிரிங் என்று எனக்குக் கொடுத்தது என் வண்டியோடு வந்த ஸ்பிரிங்கையேதான். கேஸ் சூடு பட்ட இடத்தில் ஸ்பிரிங் இரும்பின் பதமும் போய்விடும்.

அண்ணன் அடுத்து காட்டியதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஷாக் தண்டில் இருக்க வேண்டிய பம்ப் ஸ்டாப் நாலிலும் இல்லை. பள்ளத்தில் விழும்போது வீல் ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் நிறுத்துவது அந்த ரப்பர்தான். அதை எடுத்தால் வண்டி இன்னும் இறங்கும், பார்க்க அழகாக நிற்கும். ஆனால் லோடு ஏறியதும் டயர் நேராக மட்கார்டுக்குள் போகும். வலது பின் டயரின் தோளில் இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் உள்நூல் தெரிந்திருக்கும்.

படங்களோடு கடைக்குப் போய்க் கேட்டபோது ஓனர், "ஆர்டிஓ கிட்ட போனா உனக்குத்தான் ஃபைன்" என்றார். இதில் பாதி உண்மை. பதிவுச் சான்றில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மீறும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. ஆனால் புது ஸ்பிரிங் என்று பில் போட்டு அறுத்த ஸ்பிரிங்கைக் கொடுப்பது தனிக் குற்றம். அதற்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இந்தக் கடைக்காரர் ஆரம்பத்தில் துண்டுச் சீட்டுதான் எழுதிக் கொடுத்தார். பணத்தை யுபிஐயில் அனுப்பியிருந்ததால், வம்பு பண்ணி முறையான பில் வாங்கினேன். இப்போது கையில் இருக்கும் ஆயுதம் அதுதான்.

உங்கள் வண்டியைத் தாழ்த்த நினைத்தால், கழற்றிய பழைய ஸ்பிரிங் நாலையும் கையில் கேளுங்கள். தரத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள், புதிதாக ஒன்றும் மாட்டாமல் இருக்கலாம். ஏற்கெனவே உரசுகிறதென்றால் எங்கே உரசுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். மட்கார்டு உள்விளிம்பிலும், அதற்குள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையான லைனரிலும் சாக்பீஸ் தடவி, பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் பதில். முன்பக்கம் ஒடிக்கும்போது மட்டும் பிளாஸ்டிக் லைனரில் பட்டால், அதைச் சூடாக்கி உள்ளே தள்ளினாலே பல நேரம் போதும். பின்னால் லோடில் மட்டும் பட்டால் டயர் அளவையும் ஆஃப்செட்டையும் பம்ப் ஸ்டாப்பையும் பாருங்கள். எந்த வேலை செய்தாலும் வீல் அலைன்மெண்ட் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். வண்டி இறங்கினால் டோ, அதாவது வீல்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், மாறும், டயர் ஒருபக்கமாகத் தேயும்.

என் வண்டியில் இப்போது கம்பெனி ஸ்பிரிங்கும் பம்ப் ஸ்டாப்பும் புதிதாகப் போட்டு, ஸ்பேசரைக் கழற்றி, 195/55 டயர் மாட்டியாகிவிட்டது. உரசல் நின்றுவிட்டது. அறுத்த விளிம்புக்கு டிங்கரிங் வேலை இன்னும் பாக்கி. அறுபட்ட நாலு ஸ்பிரிங்கையும் ஆணையத்துக்குக் காட்ட எடுத்து வைத்திருக்கிறேன். பெரம்பூர், மூலக்கடை வட்டாரத்தில் யாருக்காவது இதே போல நடந்திருந்தால் பில்லையும் ஸ்பிரிங் முனையின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள், மனுவோடு இணைக்கலாம்.