ஆறு வருடமாக ‘கட்’ கமாண்டோடு குப்பை கொட்டிய அனுபவம்

பதினேழு நெடுவரிசை உள்ள ஃபைல் வரும், எனக்கு வேண்டியது நாலு. மீதியைக் கழிக்க ஆறு வருடமாக லினக்ஸ் டெர்மினலும் (கமாண்டை டைப் செய்து ஓட்டும் திரை), வேண்டிய நெடுவரிசையை மட்டும் வெட்டித் தரும் ‘கட்’ கமாண்டும்தான். எக்செல்லில் திறந்தால் போன் நம்பருக்கு முன்னால் இருக்கும் சைபரை அதுவே தூக்கிவிடும், அந்த வம்பே வேண்டாம் என்றுதான் இந்தப் பக்கம் வந்தேன்.

கமாண்டோடு மைனஸ் டி போட்டுப் பிரிப்பான் (நெடுவரிசைகளுக்கு நடுவில் வரும் கமா, டேப் மாதிரியான குறி) எதுவென்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் டேப் என்று எடுத்துக்கொள்ளும். மைனஸ் எஃப் போட்டு எத்தனையாவது நெடுவரிசை என்று சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் கழற்ற ‘காம்ப்ளிமென்ட்’ என்ற ஆப்ஷன் இருக்கிறது. மேக்கில் வரும் கட்டில் (படுக்கிற கட்டில் இல்லை) அது கிடையாது, அங்கே ஒன்றிலிருந்து நாலு, ஆறிலிருந்து கடைசி என்று கொடுத்து ஐந்தாவதை விட்டுவிடுவேன்.

ஆனால் மூன்று, ஒன்று என்று கேட்டாலும் ஒன்று, மூன்று என்றுதான் தரும். பிடிவாதம். இரண்டு ஸ்பேஸ் அடுத்தடுத்து வந்தால் நடுவில் காலியாக ஒரு நெடுவரிசை இருப்பதாக வேறு எண்ணிக்கொள்ளும். அந்த மாதிரி ஃபைலுக்கு ‘ஆக்’ (awk) என்ற இன்னொரு கமாண்ட்தான் சரி, எத்தனை ஸ்பேஸ் வந்தாலும் ஒன்றாகவே பார்க்கும். அதிலும் மூன்றாவதை வெறுமையாக்கினால் உள்ளே இருந்தது போகுமே தவிர பிரிப்பான் அப்படியே நிற்கும்.

அதிகம் அடிபட்டது தமிழ் ஃபைலில்தான். பெயர்களைச் சுருக்க மைனஸ் சி போட்டு முதல் பத்து எழுத்து என்றேன். ‘முருகன்’ போய் ‘முர’ என்று வந்தது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டம். என் உபுண்டு லினக்ஸில் இருக்கும் கட் எழுத்தை எண்ணவில்லை, எழுத்தைச் சேமிக்கும் சின்ன அலகான பைட்டை எண்ணுகிறது. எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 கணக்கில் ம 3 பைட், உகரக் குறி 3, ர 3, பத்தாவது பைட்டில் அடுத்த உகரத்தின் தலை மட்டும் மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து தமிழில் மைனஸ் சி தொடுவதில்லை.

முகவரிக்குள் கமா இருந்தால், அது மேற்கோள் குறிக்குள்ளேயே இருந்தாலும் கட்டுக்குப் புரியாது, வெட்டித் தள்ளிவிடும். 2023இல் வந்த ஜிஎன்யூ ஆக் 5.3இல் சிஎஸ்வி (கமாவால் பிரித்த ஃபைல்) ஆப்ஷன் இருக்கிறது, மேற்கோளுக்குள் இருக்கும் கமாவை வெட்டாது, முகவரி ஃபைல் எல்லாம் இப்போது அதில்தான்.

அப்புறம் ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் வெளியீட்டை அதே ஃபைலுக்கே திருப்பிவிட்டேன். டெர்மினலில் கமாண்டை வாங்கி ஓட்டும் ஷெல் முதலில் ஃபைலைக் காலி செய்துவிட்டுத்தான் கமாண்டையே ஓட்டும். சைஸ் பார்த்தால் 0. மெயிலில் ஒரு பிரதி கிடந்ததால் தப்பித்தேன். இப்போதெல்லாம் புதுப் பெயரில் எழுதி, ‘ஹெட்’ போட்டு முதல் ஐந்து வரியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பழைய ஃபைல் மேல் கை வைக்கிறேன்.